கண்ணாடிக் கடலும் புதுவரவும்

கடல் பரந்தது; கண்ணாடித் தொட்டியோ நான்கு சுவர்களுக்குள் அடங்கியது. இவ்வேறுபாட்டின் முழுப்பொருளையும் மனிதன் உணர்வதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன. மீன்கள் ஏற்கனவே குடிகொண்டுள்ள கடல்நீர்த் தொட்டியொன்றினுள் புதிய மீனொன்றை எவ்வாறு சேர்ப்பது என்னும் சிறு வினாவின் விடையும் அந்த வரலாற்றினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

முதலில் எழுந்த கவலை நீரைப் பற்றியது. றொபேட் வாரிங்டன் என்னும் ஆங்கிலேய இரசாயன அறிஞர், மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி ஒரே நீரில் வாழக்கூடும் என்பதை 1850ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். 1853ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் உலகின் முதலாவது பொது மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற பிலிப் ஹென்றி கொஸ், அடுத்த ஆண்டிலே வெளியிட்ட நூலினால் கடல்நீர்த் தொட்டி மீதான மோகத்தை இல்லங்கள்தோறும் பரப்பினார். ஆயினும், உயிர்களை அளவுக்கு மிஞ்சித் தொட்டியில் நிறைத்தோர் பலர். இறந்த ஓர் உயிரின் அழுகலே முழுத் தொட்டியையும் கெடுத்துவிடும் என்பதை அவர்கள் இழப்பின் மூலமே கற்றனர்.

நீர் தெளிவாயிருந்தும் மீன்கள் மடிந்தமைக்கு வேறொரு காரணம் இருந்தது. மீனின் செவுளையும் தோலையும் பற்றும் நுண்ணிய ஒட்டுண்ணியொன்றைப் பிரவுண் என்னும் ஆராய்ச்சியாளர் 1931ஆம் ஆண்டில் விவரித்தார். கடல்மீனின் உடலில் வெண்புள்ளிகளைத் தோற்றுவிக்கும் மற்றோர் ஒட்டுண்ணிக்கு 1951ஆம் ஆண்டில் பெயரிட்டவரும் அவரே. இவ்வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனின் உடலில் சில நாள் தங்கி வளரும்; பின்பு உதிர்ந்து, தொட்டியின் அடியிற் கூடமைத்து, அதனுள்ளே பலவாகப் பிரியும். கூட்டிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் மீனைப் பற்றாவிடின் மடிந்துபோம். பெருங்கடலில் அவற்றுள் மிகப் பல மீனைக் காணாமலே அழிகின்றன. தொட்டியிலோ மீனுக்குத் தப்பியோட இடமில்லை. நலமாய்த் தோன்றும் ஒரேயொரு புதுமீன், நெடுநாள் வாழ்ந்த அனைத்தையும் மாய்த்துவிடக் கூடும்.

ஆபத்து வருவோனிடமிருந்து மட்டுமன்று, இருப்போரிடமிருந்தும் எழும். பவளப்பாறை மீன்கள் தம் இனத்தைச் சேர்ந்த அயலாரையே மிகக் கடுமையாகத் தாக்குகின்றன என்பதை ஒஸ்திரிய அறிஞர் கொன்றாட் லோறென்ஸ் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். தோற்ற மீன் கடலில் நீந்தி அகலும். தொட்டியில் மூலையில் ஒடுங்கி மடியும்.

இவ்வறிவின் பயனாகவே இன்றைய முறை உருவாயிற்று. புதுமீன் முதலில் வேறொரு தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரங்கள் வைத்துக் கவனிக்கப்படுகின்றது. அதற்கென வலையும் பாத்திரங்களும் தனியே வைக்கப்படுகின்றன. பின்னர் அது இருந்த நீருடன் பெருந்தொட்டியின் நீர் சிறிது சிறிதாகக் கலக்கப்படுகின்றது. உப்பும் வெப்பமும் திடீரென மாறாமலிருப்பதற்கே இவ்வேற்பாடு. பழைய மீன்கள் தத்தம் எல்லையை மறக்கும்படி கற்கள் இடம் மாற்றப்படுகின்றன. விளக்கணைத்த பின்னரே புதுமீன் உள்ளே விடப்படுகின்றது.

1377ஆம் ஆண்டில், அதிரியாற்றிக் கடற்கரையிலுள்ள றகூசா நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் ஒதுங்கியிருத்தல் வேண்டுமென விதித்தது. பிற்காலத்தில் அது நாற்பது நாளாயிற்று. ஒரு துறைமுகம் தன் மக்களைக் காக்கக் கண்ட வழி இன்று ஒரு கண்ணாடித் தொட்டியையும் காக்கின்றது. வருவோனை வெறுப்பதன்று அதன் நோக்கம். வருவோனும் இருப்போரும் ஒருங்கே வாழ வேண்டும் என்பதேயாம்.