நுவரெலியாப் புல்வெளியும் உரிமைச் சாசனமும்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்பதை நம் மாணவர் அனைவரும் அறிவர். நிலத்தை வகுத்த நம் முன்னோர், அதனோடு அந்நிலத்து மக்களையும், அவர்தம் தொழிலையும், உணவையும், பறையையும் கருப்பொருளாகச் சேர்த்தே வகுத்தனர். ஆளில்லா நிலம் என்று ஒரு திணையை அவர்கள் காணவில்லை. இலங்கையின் நடுமலை நாட்டிலுள்ள நுவரெலியாவுக்கு அண்மையில் சென்று, அங்குள்ள குழிப்பந்துத் திடலைச் சுற்றி வந்தபோது, இவ்வுண்மை என் நெஞ்சில் மீண்டும் மீண்டும் எழுந்தது. அத்திடலின் வரலாற்றை ஆசிரியப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல் அமைந்த பள்ளத்தாக்கு அது. வடக்கே இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகால நிற்கிறது. காலைப் பனி விலகும்போது ஊரின் நடுவே சீராக வெட்டப்பட்ட பசும்புல் வெளி ஒன்று மெல்லத் தோன்றுகிறது. இடையிடையே மணற்குழிகள், ஓடை, ஓங்கிய மரங்கள். கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டத்துக்கென அமைந்த 18 குழிகள் கொண்ட திடல் இது. இக்கழகம் தொடங்கிய ஆண்டு 1889. இன்று கட்டணம் செலுத்தும் வெளியாரும் இங்கே ஆடலாம்.

ஊர்ப்பெயர் சொல்லும் செய்தி

‘நுவர’ என்னும் சிங்களச் சொல் நகரைக் குறிப்பது. ‘எளிய’ என்பதற்கு ஒளி என்றும், திறந்த வெளி என்றும் பொருள் உண்டு. ஒளிநகர் என்று பொருள் கொள்வது இன்று வழக்காகிவிட்டது. ஆயினும் வெளி என்னும் பொருளே நிலத்தின் இயல்புக்கு மிகவும் பொருந்துகிறது. அடர்ந்த காட்டுக்கு நடுவே ‘பத்தன’ எனப்படும் புல்வெளிகள் இம்மலைகளில் இயற்கையாகவே அமைந்தவை. அவ்வகையில், திடலின் பசுமை வெள்ளையர் புதிதாகப் படைத்தது அன்று. முன்பே இருந்த வெளியை அவர்கள் வேலியிட்டுச் செம்மை செய்தனர் எனலாம்.

டாக்டர் ஜான் டேவி என்பார் 1821ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இப்பள்ளத்தாக்கை ஆங்கிலேயருக்கு அறிமுகப்படுத்தினார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே மாளிகை எழுப்பி, நோயுற்ற படைவீரர் உடல்நலம் தேறும் இடமாக ஊரை ஆக்கினார். பின்னாளில் நைல் ஆற்றின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848இல் இங்கே குடியேறி, தம் நாட்டு ஏரையும் மாட்டையும் கொண்டுவந்து ஆங்கிலச் சிற்றூர் ஒன்றை உருவாக்க முயன்றார்.

திடலின் எல்லைக்குள்ளேயே ஒரு பழைய கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பேர்பெற்ற மேஜர் ராஜர்ஸ் என்னும் படையதிகாரி, 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்து இங்கே அடக்கமானார். யானைகளின் பழி அவரை விடவில்லை என்பது ஊரார் வாக்கு. வேட்டையாடியவனுக்குக் கல்லும் பெயரும் உண்டு. காட்டை வெட்டியவனுக்கு? இக்கேள்வியோடு மேலே செல்வோம்.

பொதுநிலத்தில் பிறந்த ஆட்டம்

குழிப்பந்தாட்டம் ஸ்காட்லாந்து மக்களின் ஆட்டம். வில்வித்தையை மறந்து இளைஞர் இதில் பொழுது போக்கியதால், 1457ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்றம் இதற்குத் தடை விதித்தது. தடையால் ஆட்டம் நின்றுவிடவில்லை. கடலோரத்தில், உழவுக்கு உதவாத மணற்பாங்கான புல்வெளிகளில் அது வளர்ந்தது. அவற்றுள் புகழ்பெற்றது செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரின் வெளி. 18 குழிகள் என்னும் கணக்குக்கு அடிப்படை இட்டதும் 1764இல் அவ்வூரே.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று உண்டு. அந்த வெளி தனியார் சொத்தன்று. அங்கே கால்நடை மேய்க்கவும், பந்தாடவும் ஊர்மக்களுக்குள்ள உரிமையை 1552ஆம் ஆண்டில் பேராயர் ஹாமில்டன் எழுத்தில் ஒப்புக்கொண்டு சாசனம் அளித்தார். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பழைய திடலில் ஆட்டம் நிறுத்தப்படுகிறது. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் உலவுகிறார்கள். ஆக, இவ்வாட்டம் பிறந்தது பொதுநிலத்தில். அதனைக் காத்தது எழுதப்பட்ட உரிமை.

தரிசு என்று எழுதிய சட்டம்

அதே ஆட்டம் நுவரெலியாவுக்கு வந்த வழி வேறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, முடியரசுக்கே உரியன என விதித்தது. மலைநாட்டுச் சிங்கள ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வந்த நிலங்களுக்கு அவர்களிடம் பத்திரம் ஏது? முதலில் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கும், 1844க்குப் பின் 20 ஷில்லிங் அடிப்படை விலைக்கும் மலைகள் விற்கப்பட்டன. வாங்கியோருள் அரசு அதிகாரிகளே பலர். நிலம் எழுத்தில் ஆளற்றதாயிற்று.

ஆளற்ற நிலத்துக்கு ஆள் வேண்டுமே! தமிழகத்திலிருந்து கங்காணிமார் ஆள்கட்டி அழைத்து வந்தனர். திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த ஏழை மக்கள், கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேறினர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர் பலர். முதலில் காப்பிப் பயிர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழிக்க, ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1875இல் ஏறத்தாழ 1,000 ஏக்கராக இருந்த தேயிலை, 1900இல் மூன்றரை இலட்சம் ஏக்கரைக் கடந்தது.

இரயில் பாதை 1885இல் நானு ஓயாவை எட்டியது. தேயிலையால் செல்வம் பெருகிற்று. தோட்டத் துரைமாருள் ஸ்காட்லாந்துக்காரர் மிகுந்திருந்தனர். நான்கு ஆண்டுகளில் குழிப்பந்துக் கழகம் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் ஆட்டம் கப்பலேறி வந்ததே அன்றி, செயிண்ட் ஆண்ட்ரூஸ் சாசனம் வரவில்லை. திடலை அடுத்து 1876இல் எழுந்த மலைக்கழகம் 1960கள் வரை இலங்கையரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அந்நாட்டு மக்களுக்கே இடமில்லாதபோது லயத்துத் தமிழனுக்கு இடம் ஏது?

பந்துப்பை சுமந்த பெரியவர்

திடலின் ஓரத்தில் ஒரு பெரியவரைக் கண்டேன். இளமை முதல் ஆட்டக்காரரின் பந்துப்பை சுமந்தவர். “எங்க பாட்டன் காலத்துல, புல்லு வெட்டறதுக்கும் பை தூக்கறதுக்கும் மட்டுந்தான் இதுக்குள்ள வரலாம்னு சொல்லுவாங்க, ஐயா,” என்றார். எந்தக் குழிக்கு எந்தப் பக்கம் சரிவு, எந்த மாதத்தில் பந்து எவ்வளவு உருளும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு நாளேனும் ஆடியதுண்டா என்று கேட்டேன். “ஆளில்லாத நேரத்துல ரெண்டு அடி அடிச்சிருக்கேன்,” என்று சொல்லிச் சிரித்தார்.

பேச்சு குடும்பத்தின் பக்கம் திரும்பியது. “அண்ணன் கப்பலேறிப் போயிட்டாரு. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருந்து, அங்கேயே முடிஞ்சிட்டாரு. நான் இங்க நின்னுட்டேன். எந்த நாட்டுக்காரன்னு கேட்டா, ரொம்ப வருசம் எனக்குப் பதில் தெரியாது, ஐயா.”

அவர் சொன்ன ஒரு வரிக்குப் பின்னே நீண்ட வரலாறு இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அம்மக்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் பிறந்த அண்ணனும் தம்பியும் இரு நாட்டவராயினர். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆயினும், குடியிருக்கும் மண்ணுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்னும் தோட்ட மக்களின் கோரிக்கை இன்றும் ஓயவில்லை.

பொதுநிலத்தின் உரிமை சாசனமாக எழுதப்பட்ட ஊரில், நூற்றாண்டுகள் பல கடந்தும் ஏழையின் கால் புல்லில் படிகிறது. உழைப்பு மட்டும் இருந்து, எழுத்தில் இடம் இல்லாத மக்களோ, தாம் பசுமையாக்கிய மலையிலேயே அயலாராகக் கருதப்பட்டனர். நுவரெலியாப் பள்ளத்தாக்கு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.

ஆட்டத்தை வெறுக்குமாறு நான் கூறவில்லை. புல்வெளியின் அழகும் பொய்யன்று. இங்கும் கங்காணி முறையில் வந்தவரின் வழித்தோன்றல்கள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். நம் ஊர்களிலும் பழைய கழகங்களும் பாடாங்குகளும் உண்டு. மாணவரை அங்கே ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். இந்த நிலம் முன்பு யாருடையது, இதைச் செம்மை செய்தவர் யார், அவர் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்னும் மூன்று வினாக்களைக் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது வினாவுக்கு விடை கிடைக்காவிட்டால், வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு எழுதி வருமாறு பணியுங்கள்.

விடைபெறும்போது அப்பெரியவர் தம் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவே காட்டினார். பிறகு அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, புல்வெளியின் ஓரமாகவே நடந்து போனார்.