நெடுஞ்சாலைப் பொறியியல்: இளநிலை அறிமுகப் பாடம்

நெடுஞ்சாலைப் பொறியியல் என்பது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சிவில் பொறியியல் இளநிலைப் படிப்பில், நில அளவையையும் மண் இயக்கவியலையும் முடித்த மாணவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் கற்பிக்கப்படும் அடிப்படைப் பாடமாகும். சாலை செல்லும் தடத்தைத் தேர்தல், அதன் வளைவுகளையும் சரிவுகளையும் வகுத்தல், தளத்தின் கனத்தைக் கணக்கிடல், போக்குவரத்தை அளவிட்டு ஒழுங்குபடுத்தல், போட்ட சாலையைப் பராமரித்தல் ஆகியவை இதன் பரப்பு. கட்டமைப்பியல் போன்ற பாடங்களில் சுமையும் வலிமையும் தெரிந்தால் விடை கிடைத்துவிடும். இப்பாடத்திலோ சமன்பாட்டுக்குள் ஓர் ஓட்டுநரின் கண், கால், பொறுமை ஆகியவையும் எண்களாக நுழைகின்றன. அந்த எண்களை இந்தியாவுக்கென வரையறுத்துத் தருபவை இந்தியச் சாலைப் பேராயம் வெளியிடும் விதித்தொகுப்புகள். ஐ.ஆர்.சி. என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணைச் சேர்த்துக் குறிக்கப்படும் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இப்பாடத்தின் எந்தக் கணக்கையும் முடிக்க முடியாது. ரூர்க்கியில் பணியாற்றிய எஸ். கே. கன்னாவும் சி. இ. ஜி. ஜஸ்டோவும் எழுதிய பாடநூல் பல தலைமுறை மாணவர்களுக்கு இப்பாடத்தின் மறுபெயராகவே இருந்துவந்துள்ளது.

பின்னணி

முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டிகள் பெருகியபோது, மாட்டு வண்டிக்காக அமைந்த கப்பிச் சாலைகள் விரைவாகச் சிதைந்தன. இரும்புப் பட்டை கட்டிய வண்டிச் சக்கரம் ஜல்லியை நொறுக்கியது. நொறுங்கிய தூளைக் காற்றடைத்த டயர் உறிஞ்சிச் சிதறடித்தது. இந்நிலையை ஆராய 1927இல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் அமைந்த குழு, சாலைகள் மாகாணங்களின் சக்திக்கு மீறிய நாட்டுப் பொறுப்பு என்று கருதி, பெட்ரோல் மீதான கூடுதல் வரியிலிருந்து ஒரு நிதி, பொறியாளர்கள் கூடிப் பேச ஓர் அமைப்பு, ஆய்வுக்கு ஒரு நிறுவனம் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. அவற்றின் விளைவாக 1929இல் மத்தியச் சாலை நிதியும், 1934இல் இந்தியச் சாலைப் பேராயமும், விடுதலைக்குப் பின் டெல்லியில் மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனமும் தோன்றின. 1943இன் நாக்பூர்த் திட்டம் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகள், ஊர்ச்சாலை என்ற வகைப்பாட்டைத் தந்து, 100 சதுர கிலோமீட்டருக்கு 16 கிலோமீட்டர் சாலை என்ற அடர்த்தியை இலக்காக வைத்தது. அடுத்து வந்த பம்பாய்த் திட்டம் அதை 32 ஆகவும், லக்னோ திட்டம் 82 ஆகவும் உயர்த்தின. தேர்வில் தவறாமல் கேட்கப்படுவதால் இந்த எண்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். கிராமத்தையும் சந்தையையும் இணைப்பதே அவற்றின் அடிப்படை என்பதை வகுப்பறை பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறது.

வடிவியல் அமைப்பு

சாலையின் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை, அதாவது அகலம், வளைவு, ஏற்ற இறக்கம், குறுக்குச் சரிவு ஆகியவற்றை வகுப்பதே வடிவியல் அமைப்பு. இதற்கெல்லாம் தொடக்கம் 'வடிவமைப்பு வேகம்'. சமவெளியா மலையா என்ற நில அமைப்பையும் சாலையின் தரத்தையும் கொண்டு அந்த வேகத்தை முதலில் முடிவு செய்த பின்னரே மற்ற அளவுகள் ஒவ்வொன்றாகப் பிறக்கின்றன.

இடர் ஒன்றைக் கண்ட ஓட்டுநர் வண்டியை நிறுத்தத் தேவையான தூரமே நிறுத்தப் பார்வைத் தொலைவு. இதில் இரண்டு பகுதிகள் உள்ளன. கண்டது மூளைக்கு எட்டி, கால் பிரேக்கை மிதிக்கும் வரை வண்டி ஓடும் தூரம் ஒன்று. பிரேக் பிடித்த பின் டயருக்கும் தளத்துக்கும் இடையிலான உராய்வு வண்டியை நிறுத்தும் வரை ஓடும் தூரம் மற்றொன்று. எதிர்வினை நேரம் 2.5 வினாடி, உராய்வுக் கெழு 0.35 என்று விதித்தொகுப்பு கொள்வதால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் முதற்பகுதி ஏறத்தாழ 56 மீட்டராகவும் இரண்டாம் பகுதி 72 மீட்டராகவும் அமைகின்றன. பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 56 மீட்டர் கடந்துவிடுகிறது என்பது முதன்முறை கணக்கிடும் மாணவரை வியக்க வைக்கும் செய்தி. வேகம் இரட்டித்தால் முதற்பகுதி இரட்டிப்பதோடு நிற்க, இரண்டாம் பகுதி நான்கு மடங்காவதால், வேக வரம்பின் நியாயம் இந்தச் சமன்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

வளைவில் திரும்பும் வண்டியை வெளிப்புறம் தள்ளும் மையவிலக்கு விசையை எதிர்க்க, சாலையின் வெளிவிளிம்பை உள்விளிம்பைவிட உயர்த்திக் கட்டுவது வெளிவிளிம்பு உயர்வு எனப்படும். உயர்வும் பக்க உராய்வும் சேர்ந்து, வேகத்தின் இருபடியை ஆரத்தின் 127 மடங்கால் வகுத்த அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது இயற்பியல். அந்த இயற்பியலோடு இந்தியச் சாலை செய்துகொண்ட சமரசம்தான் இப்பாடத்தின் சுவையான பகுதி. விரைந்து செல்லும் காருக்கு ஏற்ப வளைவை மிகவும் சாய்த்தால், அதே சாலையில் வைக்கோல் ஏற்றி மெதுவாக வரும் மாட்டு வண்டி உள்பக்கம் கவிழும். ஆகவே வடிவமைப்பு வேகத்தின் முக்கால் பங்குக்கு மட்டும் உயர்வைக் கணக்கிட்டு, மிஞ்சியதை உராய்விடம் விடுவது என்று விதித்தொகுப்பு முடிவு செய்தது. 127 என்ற எண் 225 ஆக மாறியது இப்படித்தான். சமவெளியில் உயர்வு 7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அதே கவலையில் பிறந்ததே. 230 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இக்கணக்கு 12 விழுக்காட்டுக்கு மேல் கேட்கும். வரம்பின்படி 7 விழுக்காடே தரப்படும். அப்போது தேவைப்படும் பக்க உராய்வு 0.149 ஆக, அனுமதிக்கப்பட்ட 0.15க்குள் மயிரிழையில் நிற்கும். அந்த வேகத்துக்குரிய குறைந்தபட்ச ஆரம் 230 மீட்டர் என்பது இதனால்தான்.

மலைச்சாலைகளுக்குத் தனி விதித்தொகுப்பு உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டு ஏறும் சாலை போன்றவற்றில், சமவெளிக் கணக்கை வைத்துத் தடம் போட இடமே இராது. அங்கே வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டராகவும், உள்வளைவின் ஆரம் 14 மீட்டராகவும் சுருங்குகின்றன. வளைவுக்குள் வண்டி இழுவிசையை இழப்பதால் அவ்விடத்தில் ஏற்றச் சரிவையும் 40க்கு 1 என்ற அளவுக்குத் தணிக்க வேண்டும்.

போக்குவரத்தை அளவிடல்

ஓட்டம், அடர்த்தி, வேகம் என்ற மூன்றையும் இணைத்து, அடர்த்தி கூடக்கூட வேகம் நேர்கோட்டில் குறையும் என்று 1930களில் அமெரிக்கர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் காட்டிய தொடர்பு இன்றும் முதற்பாடமாக உள்ளது. ஒரே வகை வண்டிகள் தடம் மாறாமல் வரிசையாகச் செல்லும் சாலையை வைத்து உருவான அந்தக் கருத்தை, பேருந்தும் ஆட்டோவும் மிதிவண்டியும் கிடைத்த இடைவெளியில் புகுந்து செல்லும் சாலைக்குப் பொருத்துவது எளிதன்று. இதற்காக ஒவ்வொரு வண்டியையும் கார் அலகு என்ற பொது அளவுக்கு மாற்றுகின்றனர். ஊரகச் சாலைகளுக்கான பேராய வழிகாட்டியில் காருக்கு 1, இருசக்கர வண்டிக்கு 0.5, பேருந்துக்கும் லாரிக்கும் 3, பெரிய மாட்டு வண்டிக்கு 8 என்று மதிப்புகள் உள்ளன. மாட்டு வண்டி லாரியைவிட மிகுந்த மதிப்பைப் பெறுவது அதன் உருவத்தால் அன்று, பின்னால் வருவோரை அது காக்க வைப்பதால். இம்மதிப்புகள் எல்லாச் சாலைக்கும் எல்லா நேரத்துக்கும் மாறாதவை போல் வகுப்பில் பயன்படுத்தப்படுவது இப்பாடத்தின் பலவீனம். மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னெடுப்பில் உருவான 2017ஆம் ஆண்டின் இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு இக்குறையைப் பெருமளவு சரிசெய்ய முயன்றது. சந்திப்புகளில் சிக்னலின் சுற்று நேரத்தைக் கணக்கிட, பிரிட்டனின் எஃப். வி. வெப்ஸ்டர் 1958இல் வெளியிட்ட வாய்பாடு கற்பிக்கப்படுகிறது.

தளமும் அதன் சுமையும்

தார்ச்சாலை நெகிழ்தளம் என்றும், சிமெண்ட் கான்கிரீட் சாலை விறைதளம் என்றும் வகுக்கப்படுகின்றன. முன்னது சக்கரச் சுமையை அடுக்கடுக்காகப் பரப்பிக் கீழே அனுப்புகிறது. பின்னது பலகைபோல் வளைந்து தாங்குகிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது மண்ணே. அதன் தாங்கும் திறனை அறியக் கலிபோர்னிய நெடுஞ்சாலைத் துறையில் உருவான சி.பி.ஆர். சோதனையே இன்றும் வழக்கில் உள்ளது. அச்சுக்குள் இறுக்கிய மண்ணை நான்கு நாள் நீரில் ஊறவைத்து, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையை நிமிடத்துக்கு 1.25 மில்லிமீட்டர் வீதம் அதில் அழுத்துவர். 2.5 மில்லிமீட்டர் இறங்கும்போது தேவைப்படும் சுமையை, தரமான உடைகல்லுக்குரிய 1,370 கிலோவோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் விழுக்காடே சி.பி.ஆர். மதிப்பு. நான்கு நாள் ஊறவைப்பது, மழைக்கால முடிவில் சாலையடி மண் இருக்கக்கூடிய மோசமான நிலையை முன்கூட்டியே பார்ப்பதற்காக.

தளத்தைச் சிதைப்பவை கார்கள் அல்ல, லாரிகள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா நகருக்கு அருகே நடந்த பெரும் சாலைச் சோதனையிலிருந்து, அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் படிக்கு ஏற்பச் சேதம் கூடுகிறது என்ற விதி பெறப்பட்டது. 8.16 டன் கொண்ட ஒற்றை அச்சைத் தர அச்சாகக் கொண்டு, பிற அச்சுகள் அனைத்தும் அதன் மடங்காக எண்ணப்படுகின்றன. இதன்படி 10.2 டன் அச்சு ஒருமுறை கடந்தால் தர அச்சு 2.44 முறை கடந்ததற்குச் சமம். 2018இல் இந்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியபோது, சுமை எட்டில் ஒரு பங்கு கூடியதாகவே தோன்றினாலும் சேதக் கணக்கு 2.44இலிருந்து 3.9க்கு மேல் சென்றது. சரக்குக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தின் ஒரு பகுதி சாலைப் பராமரிப்புச் செலவாக வேறொருவர் கணக்கில் ஏறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சிக் கணக்கு பாடத்தில் இல்லை. நெகிழ்தளத்துக்கான ஐ.ஆர்.சி. 37 இந்த அச்சுகளை மில்லியன்களில் எண்ணி, தாரடுக்கின் அடியில் வெடிப்பும் மண்ணின் மேற்பரப்பில் பள்ளமும் உண்டாகாதவாறு கனத்தை முடிவு செய்கிறது. விறைதளத்துக்கான ஐ.ஆர்.சி. 58 சக்கரச் சுமையோடு, பகலிலும் இரவிலும் பலகையின் மேலும் கீழும் வேறுபடும் வெப்பத்தால் எழும் தகைவையும் சேர்த்துக்கொள்கிறது.

பொருள்களைப் பொறுத்தவரை, ஜல்லியின் கடினத்தன்மையையும் வடிவத்தையும், தாரின் இளகுநிலையையும் பாகுநிலையையும் ஆய்வகத்தில் சோதிக்கப் பழக்குகின்றனர். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் வகுத்த முறையும் இப்போது இவ்வலகில் இடம்பெறுகிறது. கழிவு நெகிழியைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிப் படலமாகப் படிந்து, பின்னர் சேர்க்கும் தாரை இறுகப் பற்றிக்கொள்ளும். நீர் புகுந்து ஜல்லியையும் தாரையும் பிரிப்பது குறையும். இந்தியச் சாலைப் பேராயம் 2013இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பராமரிப்புப் பகுதியில் முதன்மையானது பெங்கல்மன் தண்டுச் சோதனை. பாரம் ஏற்றிய லாரியின் பின்பக்க இரட்டை டயர்களுக்கு இடையே நீண்ட தண்டு ஒன்றின் முனையை வைத்து, லாரியை மெல்ல முன்னே நகர்த்தினால், சுமையால் அமுங்கியிருந்த தளம் மீண்டெழுவதைத் தண்டின் மறுமுனையிலுள்ள அளவி காட்டும். தண்டின் தாங்குபுள்ளி இருபுறமும் 2:1 விகிதத்தில் அமைந்திருப்பதால் அளவி காட்டுவதை இரட்டித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் தார் இளகுவதால் 35 பாகை செல்சியஸுக்கு ஏற்பத் திருத்தமும் செய்ய வேண்டும். மீட்சி எவ்வளவு மிகுதியோ, மேலே போட வேண்டிய புதிய அடுக்கும் அவ்வளவு கனமாகும். பெரிய திட்டங்களில் இத்தண்டின் இடத்தை, எடையொன்றை விழச்செய்து தளத்தின் அமுக்கத்தைப் பல புள்ளிகளில் ஒரே நேரத்தில் பதிவுசெய்யும் கருவி பிடித்துவருகிறது. அதற்கான வழிகாட்டி ஐ.ஆர்.சி. 115 என்ற பெயரில் 2014இல் வெளிவந்தது.