முன்சக்கரத் தாங்கி: கூம்புருளையும் மயிரிழை ஆட்டமும்

சக்கரத்தின் நடுப்பகுதியாகிய குடம் அச்சின்மேல் நேரடியாக உரசிச் சுழன்ற நெடுங்காலத்தில், கொழுப்பையோ எண்ணெயையோ பூசித் தேய்மானத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வண்டி செய்வோருக்கு வேறு வழி இருக்கவில்லை. உரசலை உருளலாக மாற்றும் முயற்சிகளுள் ஒன்றாக, வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் ஊரைச் சேர்ந்த இரும்புத் தொழிலர் பிலிப் வான், வண்டி அச்சுக்கும் குடத்துக்கும் இடையே குண்டுகள் உருளும் அமைப்புக்கு 1794இல் காப்புரிமை பெற்றார். பட்டறைகளில் பேரிங் என்று வழங்கும் இத்தாங்கி, 1869இல் பாரிஸைச் சேர்ந்த ஜூல் சுரிரே பெற்ற காப்புரிமையின் வழியே மிதிவண்டியில் ஏறியது. 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவிலும் பிசகாத உருண்டையாகவும் அரைத்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகே, அது தொழிற்சாலைப் பொருளாகப் பரவியது.

ஆயினும், கனமான வண்டியின் முன்சக்கரம் மிதிவண்டிச் சக்கரத்தைவிடக் கடுமையான சோதனையைத் தாங்கியது. வண்டியின் எடை மேலிருந்து அழுத்துவதோடு, திரும்பும்போதெல்லாம் சக்கரத்தை அச்சின் போக்கில் பக்கவாட்டில் தள்ளும் விசையும் சேர்ந்துகொள்கிறது. குண்டு தன் பாதையைப் புள்ளியளவிலேயே தொடுவதால் இவ்விரு சுமைகளும் ஒருங்கே மிகும்போது விரைவில் தேய்ந்துவிடும். நேரான உருளையோ கோட்டளவில் தொட்டு எடையைத் தாங்கினாலும் பக்கத் தள்ளலுக்கு ஈடுகொடுக்காது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன், உருளையை ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் அமைத்து, சாய்ந்த பரப்பு இரு சுமைகளையும் ஒருசேர ஏற்கும்படி செய்தார். இக்கூம்புருளைத் தாங்கிக்கு 1898இல் அவர் தம் உறவினரான ரெஜினால்ட் ஹைன்சல்மனுடன் இணைந்து காப்புரிமை பெற்றார். 1899இல் தொடங்கிய நிறுவனம் 1901இல் ஓஹையோ மாநிலத்தின் கேன்டன் நகருக்கு இடம்பெயர்ந்து, வளர்ந்துவந்த மோட்டார் வாகனத் தொழிலுக்கு அருகில் அமைந்தது. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரும் குண்டுத் தாங்கிகளோடு தொடங்கிப் பின்னர் கூம்புருளைக்கு மாறியது.

உருளைகள், அவை பொருந்திய கோன் எனும் உள்வளையம், குடத்தில் இறுகப் பதிந்த கப் எனும் வெளிவளையம் ஆகிய மூன்றின் சாய்வுக் கோடுகளையும் நீட்டினால் அவை அச்சின் மையக்கோட்டில் ஒரே புள்ளியில் சந்திக்குமாறு அமைந்திருப்பதே இதன் நுட்பமாகும். அதனாலேயே உருளைகள் வழுக்காமல் உருள்கின்றன. சாய்வு காரணமாக, கோனைச் சிறிது உள்ளே தள்ளினால் இடைவெளி குறையும், வெளியே இழுத்தால் கூடும். தேய்மானத்தை நட்டு ஒன்றைத் திருகியே ஈடுசெய்யும் இவ்வசதி மிதிவண்டிக் குடத்தில் முன்பே இருந்தது. டன் கணக்கில் எடை சுமக்கும் வாகனத்துக்கும் அதை உரியதாக்கியது கூம்புருளையே.

இவ்வாறு, பழுது பார்ப்போர் ஆட்டம் எனக் குறிக்கும் மயிரிழை இடைவெளியைத் தீர்மானிப்பது அவர்களுடைய கைத்திறனாகியது. எதிரெதிராக நோக்கும் இரு தாங்கிகளில் பெரியது உட்புறமும் சிறியது வெளிப்புறமும் அமர, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை முறுக்கி உருளைகளைத் தம் இடத்தில் பதியவைத்து, பின்னர் நட்டைத் தளர்த்தி விரலால் மட்டும் இறுக்கி, காட்டர் பின் எனும் பிளவு ஊசியால் அதைப் பூட்டுவதே பரவலான முறையாயிற்று. பல கையேடுகள் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரையிலான ஆட்டத்தையே அனுமதித்தன. இடைவெளி இன்றி இறுக்கினால் வெப்பம் ஏறிக் கிரீஸ் கருகும். மிகையாகத் தளர்த்தினால் சக்கரம் தள்ளாடும், ஸ்டியரிங் நடுங்கும். பயன்பட்ட கப்பும் கோனும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியிருப்பதால், குழி விழுந்த தாங்கியை மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுவது விதியாயிற்று.

முன்சக்கரங்களே இயங்குசக்தி பெறும் கார்கள் பெருகியபோது, சக்தி கடத்தும் தண்டு குடத்தின் நடுவே புகுந்தது. இரு வரிசைக் குண்டுகளைக் கொண்டு, கிரீஸை உள்ளடக்கி மூடப்பட்ட ஒற்றைத் தொகுதி பழைய இணையின் இடத்தைப் பிடித்தது. அதன் இடைவெளி தொழிற்சாலையிலேயே நிலைநிறுத்தப்படுவதால், பட்டறையில் நட்டை உரிய முறுக்கு விசையில் இறுக்குவது மட்டுமே எஞ்சுகிறது. தேய்ந்தால் தொகுதி முழுவதும் மாற்றப்படுகிறது. இதனால் பிழைக்கு இடம் குறைந்தது என்பது பெரும் நன்மை. ஆனால், பாரவண்டிகளிலும் இழுவைப் பெட்டிகளிலும் கூம்புருளை இன்றும் சுழல்கிறது. அங்கெல்லாம் சக்கரத்தைச் சுழற்றி, நட்டைத் தளர்த்தி, விரல் நுனியில் ஆட்டத்தை உணரும் தொழிலாளியின் கை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்துவந்த அறிவை இன்னும் இழக்கவில்லை.