மணலில் விளைந்த சுங்கம்

ஜோத்பூரைத் தாண்டி மேற்கே போகப் போக மரங்கள் குறைந்து, கடைசியில் முள்செடியும் மணலும்தான் மிஞ்சுகின்றன. இப்படியொரு வறண்ட பூமியில், 1156இல் ராவல் ஜைசல் என்ற, பாட்டி குல ராஜபுத்திர மன்னர் ஏன் கோட்டை கட்டினார்?

பழைய தலைநகரான லோதுர்வா சமவெளியில் இருந்தது, பாதுகாப்புப் போதவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் புதிய கோட்டையை வாழவைத்தது ஒட்டகச் சாத்துகள். சிந்துப் பகுதிக்கும் வட இந்தியாவுக்கும் இடையே பட்டும் அபினியும் உலர்பழங்களும் சுமந்து சென்ற வணிகர்களுக்குத் தண்ணீரும் காவலும் வேண்டியிருந்தன. மன்னருக்குச் சுங்கம் வேண்டியிருந்தது. 99 கொத்தளங்களோடு திரிகூடக் குன்றின்மேல் நிற்கும் ஜைசல்மேர் கோட்டை இந்த ஏற்பாட்டின் மேல் எழுந்ததுதான். வாளின் கதையையே நாம் அதிகம் சொல்லிவிட்டோம். துலாக்கோலின் கதைக்கும் இங்கே சம உரிமை உண்டு.

கோட்டையடியில் மாணிக்க சௌக் கடைவீதி. நிறம் நிறமாய்த் துணிகளும் வெள்ளி நகைகளும் ஒட்டகத்தோல் செருப்புகளும் குவிந்துகிடக்கின்றன. சற்றுத் தள்ளி, சந்துக்குள், பட்வா வணிகக் குடும்பத்தின் ஐந்து மாளிகைகள். 19ஆம் நூற்றாண்டில் எழுந்த அவற்றின் மாடங்களில் கல் சல்லடையாகத் துளைக்கப்பட்டிருக்கிறது. காற்று வரும், வெயில் வராது. ஒரு வணிகர் வீட்டுக்கு இத்தனை வேலைப்பாடா என்று மலைத்து நின்றேன்.

ஆனால் அப்போதே சரிவும் தொடங்கிவிட்டது. பம்பாய்த் துறைமுகம் வளர, சரக்கு கடல்வழிக்கு மாறியது. 1947இல் எல்லைக்கோடு விழுந்ததும் சிந்துவுக்கான பாதையே அடைபட்டது. பிறகு ஊருக்குப் பிழைப்பு கொடுத்தது சுற்றுலா. சத்யஜித் ராய் 1974இல் இங்கே எடுத்த 'சோனார் கேல்லா' படம் வங்காளிகளைக் கூட்டங்கூட்டமாக அழைத்துவந்தது.

கோட்டைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். முன்பு கீழேயுள்ள கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்த தண்ணீர், இப்போது குழாயில் வருகிறது. வீடுகளும் விடுதிகளும் வெளியேற்றும் கழிவுநீர் குன்றின் களிமண்ணுக்குள் கசிகிறது. ஊறிய மண் இளக, மேலே சுவர்கள் விரிசல் காண்கின்றன, சில இடங்களில் சரிந்தும் விட்டன. 2013இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எனக்கோ அந்தப் பெருமையைவிட, சாக்கடைகளைச் சீர்செய்யும் வேலைதான் அவசரமாகத் தெரிகிறது. அங்கே குடியிருப்போரை வெளியேற்றாமல் அதைச் செய்தாக வேண்டும்.

அடுத்த வாரம், பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன குல்தராவுக்குப் போவோம்.

(பயணம் தொடரும்)