எல்லையோரத்துப் பிள்ளைகள்



ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வித்திட்டவர்களின் பிறந்த ஊர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ராபர்ட் ஷூமன் 1886இல் லக்சம்பர்க்கில் பிறந்தார். தந்தையின் ஊர் லொரேன். 1871இல் ஜெர்மனி அதைப் பறித்துக்கொண்டதால் பிள்ளை ஜெர்மன் குடிமகன். முதல் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுக்காரர். இத்தாலியப் பிரதமர் தெ காஸ்பெரியோ 1911இல் வியன்னா நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர். அவர் ஊர் அப்போது ஆஸ்திரியாவிடம் இருந்தது. ஜெர்மனியின் அடனாவரோடு இருவருக்கும் ஜெர்மன் மொழியிலேயே பேச்சு. எல்லைக்கோடு நகர்ந்தால் என்ன ஆகும் என்று இவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை!

1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சராக ஷூமன் ஒரு யோசனை சொன்னார். இரு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைப்போம். பீரங்கிக்கு வேண்டியவை அவைதானே? பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு எஃகு உருக்குகிறார் என்று தெரிந்துவிட்டால் ரகசியமாகப் போருக்குத் தயாராக முடியாது. 1951 ஏப்ரலில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. பிரிட்டன் ஒதுங்கிக்கொண்டது.

அடுத்து பொது ராணுவம். யோசனை பிரான்சுடையது, 1954 ஆகஸ்ட் 30இல் நிராகரித்ததும் பிரெஞ்சு நாடாளுமன்றமே. ஜெர்மானியர் கையில் மறுபடியும் துப்பாக்கியா என்ற பயம். போர் முடிந்து ஒன்பதே வருஷம், அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த ஆண்டே மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்து படை திரட்டத் தொடங்கிவிட்டது.