உழைப்பாளர் சிலை

சென்னை மெரினாவில், காமராசர் சாலையோரம் நிற்கும் வெண்கலச் சிற்பத் தொகுதி. அரசுக்காக இதை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி (1899–1975). வங்கத்தில் பிறந்த இவர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். சிலை 1959 ஜனவரி 25 அன்று திறக்கப்பட்டது.

பெரும் பாறை ஒன்றைப் பெயர்க்க நான்கு பேர் மல்லுக்கட்டுகிறார்கள். முறுக்கேறிய தசைகளிலும் வளைந்த முதுகுகளிலும் பாறையின் கனம் தெரிகிறது. ஓவியப் பள்ளியின் இரவுக் காவலரும் மாணவர் ஒருவரும் இதற்கு மாதிரியாக நின்றனர். பொதுவிடச் சிலை என்றாலே தலைவர்கள்தான் என்றிருந்த ஊரில், பெயரற்ற கூலியாட்களுக்குக் கிடைத்த இந்த இடம் பெரும் பேறு. 1923இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். மெரினாவின் காந்தி சிலையும் பாட்னாவின் தியாகிகள் நினைவுச் சிற்பமும் ராய் சௌத்ரியின் படைப்புகளே.