ஐன்ஸ்டைனைத் தேடி வந்த வேலைகள்

1901-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஹாலந்து நாட்டின் லைடன் பல்கலைக் கழகத்துக்கு ஓர் அஞ்சல் அட்டை வந்தது. அனுப்பியவர் இருபத்திரண்டு வயது இளைஞர். பெற்றவர், குளிர்நிலை ஆய்வில் அன்றே பெயர் பெற்றிருந்த பேராசிரியர் காமர்லிங் ஒன்னஸ். ஆய்வுக் கூடத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு அந்த இளைஞர் விண்ணப்பித்திருந்தார். பதில் எழுதுவதற்கென்று தபால் தலை ஒட்டிய அட்டையையும் கூடவே இணைத்திருந்தார். பதில் வரவில்லை.

அந்த இளைஞர்தாம் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். சூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் 1900-இல் பட்டம் பெற்றவர். உடன் படித்தவர்களுக்கெல்லாம் உதவியாளர் வேலை கிடைத்தது. இவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. கடிதம் போடாத பேராசிரியர் இல்லை எனலாம். கடைசியில் மார்செல் கிராஸ்மன் என்ற வகுப்புத் தோழரின் தந்தை சிபாரிசு செய்ய, 1902 ஜூன் திங்களில் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலை வல்லுநராகச் சேர்ந்தார். ஆண்டுக்கு 3,500 பிராங்கு ஊதியம்.

இந்தக் கதையின் முன்பாதி எல்லோருக்கும் தெரியும். எங்கள் கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று மாணவர்களாவது வந்து, “சார், வேலை கிடைக்காமல் திண்டாடிய ஐன்ஸ்டைனே பெரிய விஞ்ஞானியாகவில்லையா?” என்று தங்களுக்கே ஆறுதல் சொல்லிக் கொள்வார்கள். பின்பாதியை யாரும் கேட்பதில்லை. அதே ஐன்ஸ்டைனுக்கு 1909 முதல் 1914 வரை, ஒரு வேலையில் இருக்கும்போதே அடுத்தடுத்து வேறு வேலைகள் தேடி வந்தன. ஒரு கட்டத்தில் எதை ஏற்பது, எதை மறுப்பது, யாரிடம் எப்படிச் சொல்வது என்று அவர் தவித்தார். வேலை கிடைக்காத தவிப்பை விட இது சிறியதுதான். ஆனால் இயற்பியல் வரலாற்றில் இதன் பங்கு சிறியதன்று.

முதல் அழைப்பு 1909-இல் சூரிச் பல்கலைக் கழகத்திலிருந்து வந்தது. துணைப் பேராசிரியர் பதவி. அதற்குள் காப்புரிமை அலுவலகத்தில் அவர் இரண்டாம் நிலைக்கு உயர்ந்து 4,500 பிராங்கு பெற்று வந்தார். சார்புக் கொள்கையும் ஒளிக் குவாண்டக் கருத்தும் வெளிவந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சூரிச் முதலில் சொன்ன ஊதியம் காப்புரிமை அலுவலக ஊதியத்தை விடக் குறைவு. ஐன்ஸ்டைன் மறுத்து விட்டார்! பல்கலைக் கழகம் இறங்கி வந்து 4,500 பிராங்கு தர இசைந்த பிறகே ஒப்புக் கொண்டார். மனைவி மிலேவா, ஐந்து வயது மகன் என்று குடும்பம் இருந்தது. அறிவுக்காக ஊதியத்தை இழக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1917-இல் நேர்மாறாகச் செய்தார். அரசாங்க நிதித்துறையின் உயர்பதவியை விட்டு, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக் கழகப் பேராசிரியரானார். இருவரில் யார் செய்தது சரி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இருவருமே கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் செய்தார்கள்.

அதே இடத்துக்கு இன்னொருவரும் போட்டியில் இருந்தார்: பிரெட்ரிக் ஆட்லர். ஐன்ஸ்டைனின் நண்பர், ஆஸ்திரிய சோஷலிசத் தலைவர் ஒருவரின் மகன். ஐன்ஸ்டைன் போன்ற ஒருவர் கிடைக்கும்போது தம்மை நியமிப்பது பொருளற்றது என்று ஆட்லர் தாமே சொல்லி விலகிக் கொண்டார். (இதே ஆட்லர் 1916-இல் போரை எதிர்த்து ஆஸ்திரியப் பிரதமரைச் சுட்டுக் கொன்றார் என்பது வேறு கதை.)

பேராசிரியரான பின் ஐன்ஸ்டைன் ஒன்றைக் கண்டுகொண்டார். வகுப்பும் அதற்கான தயாரிப்பும் போக, சிந்திக்கக் கிடைத்த நேரம் பெர்ன் அலுவலகத்தில் கிடைத்ததை விடக் குறைவு! இதை நண்பர் பெஸ்ஸோவுக்கு எழுதியிருக்கிறார். பாடம் நடத்துகிற எவருக்கும் இது புரியும்.

ஓராண்டு ஆவதற்குள் பிராக் நகர ஜெர்மன் பல்கலைக் கழகம் முழுப் பேராசிரியர் பதவிக்கு அவரைப் பரிந்துரைத்தது. செய்தி பரவியதும் சூரிச் மாணவர்கள் அவரை விட்டுவிடக் கூடாது என்று மனுக் கொடுத்தனர். பல்கலைக் கழகம் ஊதியத்தை 1,000 பிராங்கு உயர்த்தியது. ஆயினும் 1911 ஏப்ரலில் அவர் பிராகுக்குப் போனார். பதவியும் உயர்வு, பணமும் அதிகம். ஆனால் ஆஸ்திரியப் பேரரசின் ஊழியர் ஏதாவது ஒரு மதத்தைச் சேர்ந்தவராகத் தம்மைப் பதிவு செய்ய வேண்டும். அதுவரை எந்த மதமும் இல்லை என்று எழுதி வந்த ஐன்ஸ்டைன், படிவத்தில் யூத மதத்தைக் குறித்தார். பதவிப் பிரமாணத்துக்காகத் தங்கப் பட்டையும் வாளும் கொண்ட ஒரு சீருடையை வேறு விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

இந்தப் படிவ விஷயத்தைச் சின்னதாக நினைத்துவிட வேண்டாம். பிராகை விட்டு நீங்கும்போது தம் இடத்துக்கு பால் எரன்பெஸ்ட் வர வேண்டும் என்று ஐன்ஸ்டைன் விரும்பினார். அப்போது வேலையில்லாமல் இருந்த எரன்பெஸ்ட், மதமற்றவர் என்று அறிவித்திருந்ததை மாற்றி எழுத மறுத்தார். அதனால் அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. ஐன்ஸ்டைன் வளைந்து கொடுத்த இடத்தில் எரன்பெஸ்ட் வளையவில்லை.

ஒரே நேரத்தில் பல கதவுகள்

பிராகில் காலூன்றி நான்கு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. 1911 ஆகஸ்டில் ஹாலந்தின் உட்ரெக்ட் பல்கலைக் கழகத்திலிருந்து ஜூலியஸ் என்னும் சூரிய இயற்பியல் அறிஞர் கடிதம் எழுதினார். அங்கே பேராசிரியர் ஒருவர் இறந்து போனதால் இடம் காலியாகி இருந்தது. ஐன்ஸ்டைனுக்கு ஆசைதான். சூரிய நிறமாலையை ஆராயும் ஒருவரின் பக்கத்தில் இருப்பது, ஒளியின் மீது ஈர்ப்பின் விளைவைத் தேடிக் கொண்டிருந்த அவருக்கு எவ்வளவு உதவும்! சூரியனின் அருகே செல்லும் விண்மீன் ஒளி 0.83 விகலை வளையும் என்று அவர் அந்த ஆண்டில்தான் கணக்கிட்டிருந்தார். (அது சரியான மதிப்பில் பாதி என்பது பின்னால் தெரிந்தது.)

ஆனால் ஒரு சிக்கல். வேறு அழைப்பை ஏற்கும் முன் தங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று சூரிச் நண்பர்கள் அவரிடம் வாக்கு வாங்கியிருந்தனர். அவர் படித்த கல்லூரியே இப்போது பல்கலைக் கழகத் தகுதி பெற்றிருந்தது. அங்கே அவரைக் கொண்டு வர முயற்சி நடந்தது. முன்னின்றவர் சாங்கர் என்ற மருத்துவப் பேராசிரியர். நிர்வாகமோ அசையவில்லை. கோட்பாட்டு இயற்பியலுக்கென்று தனியாக ஒரு பேராசிரியர் தேவையா? அந்த மனிதருக்குப் பாடம் நடத்த வருமா? இப்படிக் கேள்விகள். சாங்கர் சுவிஸ் அமைச்சர் ஒருவருக்கு எழுதிய பதில் எல்லா ஆசிரியர்களும் படிக்கத் தக்கது. குறிப்பேட்டை நிரப்பிக் கொண்டு தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வரும் சோம்பேறிகளுக்கு ஐன்ஸ்டைன் நல்ல ஆசிரியர் அல்லர். ஓர் இயற்பியல் கருத்து எப்படி உள்ளிருந்து வளர்கிறது என்று நேர்மையாகக் கற்க விரும்புவோருக்கு அவரே முதல்தர ஆசிரியர் என்பது அதன் சாரம்.

மாதங்கள் ஓடின. உட்ரெக்டுக்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சூரிச்சிலிருந்து உறுதியும் வரவில்லை. கையில் இருந்ததோ பிராக். இந்த நிலையில் நம்மில் பலரும் நின்றிருக்கிறோம். நான் எம்.எஸ்சி. முடித்து ஒரு கல்லூரியில் தாற்காலிக விரிவுரையாளராக இருந்தபோது, ஒரு வங்கியிலிருந்தும் ஓர் அரசு அலுவலகத்திலிருந்தும் ஒரே வாரத்தில் பணி ஆணைகள் வந்தன. அப்பா சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தார். அம்மா ஊருக்கு எத்தனை மணிப் பயணம் என்று கேட்டார். ஒரு பக்கம் பதில் சொல்லத் தாமதித்தால் மறுபக்கம் நழுவிவிடுமோ என்று மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. ஐன்ஸ்டைனுக்கு மூன்று மாதங்கள்.

அக்டோபர் இறுதியில் பிரஸ்ஸல்ஸ் நகரில் முதல் சால்வே மாநாடு கூடியது. லோரன்ட்ஸ், பிளாங்க், மேரி கியூரி, பாயின்கரே, ரூதர்போர்டு ஆகியோருடன் ஐன்ஸ்டைனும் இருந்தார். அதன் பின் நவம்பரில் உட்ரெக்டுக்கு மறுப்பு எழுதினார். சூரிச்சின் ஆணை அப்போதும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேரி கியூரியும் பாயின்கரேயும் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள் அதே மாதத்தில் சூரிச்சுக்குச் சென்றன. பாயின்கரே கவனமாகவே எழுதினார்: இவர் எல்லாத் திசைகளிலும் தேடுகிறார், பெரும்பாலான வழிகள் முட்டுச் சந்துகளாக முடியலாம், ஆனால் ஒன்று சரியாக இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. 1912 ஜனவரியில் நியமனம் வந்தது.

அடுத்த மாதமே லோரன்ட்ஸ் எழுதினார். லைடனில் தம் இருக்கையை விட்டு விலகப் போவதாகவும், அதற்கு ஐன்ஸ்டைன் வர இயலுமா என்றும் கேட்டார். ஐன்ஸ்டைன் தந்தைக்கு நிகராக மதித்த மனிதர் லோரன்ட்ஸ். அவரிடம், சூரிச்சுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று எழுத வேண்டியதாயிற்று. அந்த இருக்கையில் அமர்வதே தமக்குத் தாங்க முடியாத பாரமாக இருந்திருக்கும் என்றும் சேர்த்து எழுதினார். முடிவில் அந்த இடத்தைப் பெற்றவர் யார் தெரியுமா? பிராகில் படிவத்தை மாற்றி எழுத மறுத்த எரன்பெஸ்ட்! உட்ரெக்ட் பதவி டெபைக்குப் போனது. நியூயார்க் கொலம்பியா பல்கலைக் கழகம் சொற்பொழிவாற்ற அழைத்தது. பெர்லினில் வார்புர்க் தம் ஆய்வு நிலையத்துக்கு அழைத்தார். இரண்டையும் ஐன்ஸ்டைன் ஏற்கவில்லை. சீருடையைப் பிராகில் தமக்குப் பின் வந்த பிலிப் பிராங்குக்குப் பாதி விலைக்கு விற்றுவிட்டார்.

சூரிச்சைத் தேர்ந்ததால் அவர் எதிர்பாராத ஒரு பயன் விளைந்தது. ஈர்ப்பைப் பற்றிய அவரது எண்ணத்துக்கு வளைந்த வெளியின் வடிவ கணிதம் வேண்டியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. சூரிச்சில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் அதே பழைய தோழர் கிராஸ்மன். ரீமன், ரிக்சி ஆகியோரின் கணிதத்தைத் தேடிக் கொடுத்தவர் அவர்தாம். 1913-இல் இருவரும் சேர்ந்து ஈர்ப்புக் கொள்கையின் முதல் வரைவை வெளியிட்டனர். 1902-இல் குமாஸ்தா வேலை வாங்கித் தந்த நட்பு, 1912-இல் கணிதம் கற்றுத் தந்தது. உட்ரெக்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெர்லின்

1913 ஜூலையில் பிளாங்கும் நெர்ன்ஸ்டும் தாமே ரயிலேறிச் சூரிச்சுக்கு வந்தனர். அவர்கள் கொண்டு வந்ததைப் போன்ற ஒரு வேலையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. பிரஷ்ய அறிவியற் கழகத்தின் ஊதியம் பெறும் உறுப்பினர் பதவி, ஆண்டுக்கு 12,000 மார்க். பல்கலைக் கழகத்தில் பாடம் நடத்த உரிமை உண்டு, கடமை இல்லை. பின்னர் தொடங்கவிருக்கும் இயற்பியல் நிலையத்துக்குத் தலைமை. யோசித்துச் சொல்கிறேன், நீங்கள் மலைக்குச் சுற்றுலாப் போய் வாருங்கள் என்றாராம் ஐன்ஸ்டைன். திரும்பும்போது ரயில் நிலையத்தில் சிவப்பு ரோஜாவுடன் நின்றால் சம்மதம், வெள்ளை ரோஜா என்றால் மறுப்பு. நின்றது சிவப்பு ரோஜாவுடன்.

அவரைப் பரிந்துரைத்த ஆவணத்தில் பிளாங்க் குழுவினர் ஒரு வரி சேர்த்திருந்தனர்: ஒளிக் குவாண்டம் போன்ற கருத்துகளில் அவர் குறி தவறியிருக்கலாம், அதற்காக அவரைக் குறை கூறலாகாது என்று. பின்னாளில் நோபெல் பரிசுக் குழு 1921-ஆம் ஆண்டுப் பரிசுக்குப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஒளி மின் விளைவு விதி அந்தக் கருத்திலிருந்து பிறந்ததே!

ஏன் ஒப்புக் கொண்டார்? வகுப்பிலிருந்து விடுதலை என்று லோரன்ட்ஸுக்கு எழுதினார். அது உண்மை. ஆனால் பெர்லினில் எல்சா என்ற உறவுப் பெண் இருந்தார். அவருடன் ஐன்ஸ்டைன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார் என்பதும் உண்மை. இந்தக் காரணம் எந்த விண்ணப்பத்திலும் எழுதப்படுவதில்லை. சூரிச்சை நேசித்த மிலேவாவுக்கு இந்த மாற்றத்தில் விருப்பமில்லை. 1914 ஏப்ரலில் இரண்டு மகன்களுடன் பெர்லினுக்கு வந்தவர், ஜூலை இறுதியில் மகன்களை அழைத்துக் கொண்டு சூரிச்சுக்கே திரும்பினார். வழியனுப்ப வந்த ஐன்ஸ்டைன் அழுதார். சில நாட்களில் உலகப் போர் தொடங்கியது. வரலாற்று நூல்கள் பெர்லின் முடிவை வெற்றியாக எழுதும்போது, அதற்கு அந்தப் பெண்ணும் குழந்தைகளும் கொடுத்த விலையை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

போர் தொடங்கிய இரண்டு மாதங்களில் ஜெர்மனியின் செய்கைகளை நியாயப்படுத்தி 93 அறிவாளர்கள் அறிக்கை விட்டனர். பிளாங்க், நெர்ன்ஸ்ட் இருவர் பெயரும் அதில் இருந்தன. அதற்கு எதிரான அறிக்கையில் ஐன்ஸ்டைன் கையெழுத்திட்டார். தம்மை ரயிலேறி வந்து அழைத்தவர்களுக்கு எதிராக! இன்னொன்று: சுவிஸ் குடிமகனாகவே இருப்பேன் என்று அவர் எண்ணியிருந்தார். பிரஷ்ய ஊழியர் ஆனதாலேயே அவர் ஜெர்மன் குடிமகனுமாகிவிட்டார் என்று, நோபெல் பரிசை எந்நாட்டுத் தூதர் பெறுவது என்ற தகராறு எழுந்த பின்னர் அறிவியற் கழகம் சொல்லிற்று. வேலையை ஏற்கும்போது நன்றாகப் படித்துப் பார்க்க வேண்டியது ஊதியப் பகுதி மட்டுமன்று போலும்.

ஆனால் அந்த ஓய்வு பயன்பட்டது. 1915 நவம்பரில், நான்கு வாரங்களில் நான்கு உரைகளாகப் பொதுச் சார்புக் கொள்கையை அறிவியற் கழகத்தில் அளித்தார். ஒளி 1.7 விகலை வளையும் என்ற சரியான மதிப்பு அப்போது கிடைத்தது.

1918-இல் சூரிச்சின் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து மீண்டும் அழைத்தன. மகன்கள் அங்கே இருந்தனர். இருந்தும் மறுத்து, வந்து சில வாரங்கள் சொற்பொழிவாற்றிச் செல்வதாக மட்டும் இசைந்தார். 1920-இல் எரன்பெஸ்டின் முயற்சியால் லைடன் பல்கலைக் கழகம், ஆண்டுக்குச் சில வாரம் வந்து போகும் சிறப்புப் பேராசிரியர் பதவியை அளித்தது. அவ்வாண்டு அக்டோபர் 27-ஆம் நாள் அங்கே தொடக்க உரை ஆற்றினார். காமர்லிங் ஒன்னஸ் அப்போதும் லைடனில்தான் இருந்தார். 1901-இல் வந்த அஞ்சல் அட்டை அந்நகரத்து அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதிலுக்கான பகுதி எழுதப்படாமல் அப்படியே இருக்கிறது.